முழங்காலுக்குக் கீழே

"அடுத்த வாரம் போயிக்கிடலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அடுத்த வாரம் வேற படங்க."

"அதுவும் இங்கிலீஷ் படந்தானே?"

தேனிக் கடைவீதியில் சாக்கும் சணல் கயிறும் விற்கிறவர் பொன்னுராஜ். எல்லாச் சாக்கும் ஒன்றுதானே என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஏலக்காய்க்கு ஒரு சாக்கு, பருத்திக்கு ஒரு சாக்கு, வெல்லத்துக்கு ஒரு சாக்கு. இருட்டில் கையை விட்டுத் தடவிச் சொல்லுவார். இங்கிலீஷ் படம் மட்டும் அவருக்கு எல்லாம் ஒரே சாக்கு.

"மதுரையில பாதியில விட்டுட்டு வந்த டெல்லா மார்ஷ் படங்க. பதினெட்டு வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்ல?"

"அந்த லாடம் கட்டுன பொம்பளையா?"

"அவதான்."

"ஞாயித்துக்கெழமை அறுப்பின் பண்டிகை சாராளு. நீ ஆர்மோனியத்துக்கு முன்னால இல்லைன்னா சபை என்னத்தைப் பாடும்?"

பேச்சு அதோடு முடிந்தது. எங்கள் வீட்டில் பேச்சு முடிவது எப்போதும் அந்த ஆர்மோனியத்தில்தான்.

டெல்லா மார்ஷை நான் முதலில் பார்த்தது மதுரையில், ஐம்பத்தைந்தாம் வருஷம். ஆசிரியப் பயிற்சிப் பள்ளி விடுதியில் இருந்தேன். நல்ல படம், கடைசியில் கல்யாணத்தில்தான் முடிகிறது என்று விசாரித்துவிட்டு, வார்டன் அம்மா எங்களில் பன்னிரண்டு பேரைக் கூட்டிப் போனார்கள். கதை எனக்கு ஞாபகமில்லை. ஒரு மரப்பலகைத் தரை. அதன் மேல் அவள். முன்பாதத்துக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு, குதிகாலில் ஒரு தகடு வைத்த பூட்ஸ். கையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யவில்லை. முத்திரை இல்லை, சலங்கை இல்லை. கால் பேசியது. அவ்வளவுதான்.

இடது கால் கேட்டது: "வர்றியா?"

வலது கால் சொன்னது: "வரல."

"வர்றியான்னு கேட்டேன்ல?"

"வரல, வரல, வரல."

"வராட்டிப் போ."

"போனா வருவேன்."

நான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்துப் பெண்ணிடம், "கேட்டியா, கேட்டியா?" என்றேன். "என்னத்தை?" என்றாள். சண்டை முற்றி, ரெண்டு காலும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்த சமயம் வார்டன் அம்மா எழுந்தார்கள். "கேர்ள்ஸ், மணியாச்சு." விடுதிக் கதவை ஆறரைக்குச் சாத்திவிடுவார்கள்.

வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் கேட்டார். "ஏம்மா, கடைசி ஆட்டத்தைப் பாக்காமயா போறீக?"

"அதுல என்ன?"

"பாட்டு நின்னு போகும். மேளம், பீப்பி எல்லாம் நின்னு போகும். காலு மட்டும் அஞ்சு நிமிசம் தனியாப் பேசும். அதுக்குத்தானம்மா இந்தப் படமே!"

இந்த ஒரு பேச்சு என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

கல்யாணமாகித் தேனிக்கு வந்த பிறகு ஒருநாள் பொன்னுராஜின் கல்யாணப் பூட்ஸை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரிடம் நீட்டினேன்.

"இதுக்கு அடிக்கணும்."

"யாருக்கு ஆத்தா?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"ரொம்ப நடப்பாரோ?"

"ரொம்ப."

"மாட்டு லாடந்தான் இருக்கு. பாதியா வெட்டி அடிக்கிறேன். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. மனுசன் நழுவாமப் போறது அவர் சாமர்த்தியம்."

எங்கள் கடைக்கு மேலே சாக்கு அடுக்குகிற மச்சு, பலகை போட்டது. பூட்ஸுக்குள் துணி திணித்து, காலை விட்டுக்கொண்டு, ரெண்டு தட்டுத் தட்டினேன். கீழேயிருந்து கணக்கப்பிள்ளை, "மொதலாளி, மச்சுல மாடு ஏறிருச்சு!" என்று கத்தினார். அதற்கடுத்த வாரம் பொன்னுராஜ் அதைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய், கோயில் வாசல் வழவழப்பில் வழுக்கி, பெண் வீட்டார் மடியில் உட்கார்ந்தார். லாடம் அன்றைக்கே கழன்றது.

ஆனால் என் சிக்கல் கழலவில்லை. ஒரு காலுக்கு ரெண்டு சத்தம் எப்படி வருகிறது? முன்பாதம் முதலிலா, குதிகால் முதலிலா? நான் தட்டினால் ஒரு சத்தம்தான் வருகிறது. ரெண்டாவது தட்டு வருவதற்குள் கால் தவறிப்போகிறது. கடைசி ஆட்டத்தில் பாட்டே இல்லாமல் தட்டுகிறாளாமே, அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிடிபட்டுவிடும். எனக்கு வேண்டியது அந்த ஐந்து நிமிஷம்தான்.

அது வாய்க்காததற்குக் காரணம் ரொம்பச் சாதாரணம். தேனிக் கொட்டகையில் இங்கிலீஷ் படம் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு மட்டும்தான் வரும். மற்ற நேரமெல்லாம் தமிழ்ப் படம். ஞாயிறு காலை எங்களுக்கு வேதக்கோயில். நான் வாசிப்பது லெக் ஆர்மோனியம். கை கட்டையில் ஓடும்போது ரெண்டு காலும் கீழே மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் காற்றுப் போய்விடும். சபையில் அதை வாசிக்கத் தெரிந்தது நான் ஒருத்தி. பதினாலு வருஷமாக மிதித்தேன். என் காலும் ஞாயிறுதோறும் ஆடிக்கொண்டுதான் இருந்தது, ஒருத்தர் கண்ணிலும் படாமல்.

பின்வீட்டுப் பாண்டியம்மாள் சொல்லுவாள்: "வெள்ளைக்காரன் படத்தை வெள்ளைக்காரன் சாமி கும்புடுற நேரத்துலயே போடுறான் பாரு. ஒங்களைச் சோதிக்கத்தாண்டி."

அவள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்தப் பள்ளத்தாக்கில் நெல்லும் வாழையும் போடுகிற குடும்பம். அவளுக்குச் சினிமா என்றால் சாமிப் படம், இல்லையென்றால் அழுகைப் படம். அவளிடம் போய்த்தான் சனிக்கிழமை நின்றேன்.

"பாண்டியம்மா, நாளைக்குக் காலைக் காட்சிக்கு நீ போகணும்."

"நானா? எனக்கு ஒத்தை வார்த்தை வெளங்காதேடி."

"வெளங்க வேணாம். பொம்பளைக பக்கத்துல எனக்கு ஒரு எடம் புடிச்சு வையி. கோயில் முடியவும் ஓடி வந்துருவேன். கடைசிக் கால் மணி நேரம் பாத்தாப் போதும்."

"கால் மணி நேரத்துக்கு ரெண்டு டிக்கெட்டா?"

"ஆமா."

"ஏத்தா சாராளு, நான் சொல்றதைக் கேளு. குச்சனூருக்குப் போயி ஒரு எள்ளு விளக்குப் போட்டுட்டு வருவோம். சனி மொதல்ல காலைத்தான் புடிப்பாராம். ஏழரை வருசத்துல விட்டுருவாரு. ஒனக்குப் பதினெட்டு வருசமாகியும் விடலைன்னா அது என்ன சனியோ!"

"விளக்கை அப்புறம் போடுவோம். போறியா, இல்லையா?"

"வறுத்த கடலை வாங்கிக் குடு. போறேன்."

அங்கிருந்து கோயிலுக்குப் போனேன். எங்கள் சபைப் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். பண்டிகைக்குத் தோரணம் கட்டுவதை மேற்பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, நாளைக்கு ஆராதனையை எட்டு மணிக்கே ஆரம்பிச்சுக்கிடலாமா?"

"ஏம்மா? ஒம்பதரைன்னு சொல்லியாச்சே."

"வெயிலு…"

"கார்த்திகை மாசத்துலயா? பனி விலகவே எட்டரை ஆகுது."

"பிரசங்கம் எவ்வளவு நேரம் இருக்கும்ங்கய்யா?"

"ஆவியானவர் நடத்துறபடி."

"ஆவியானவர் பன்னண்டு மணிக்குள்ள நடத்தி முடிச்சிருவாரா?"

ஐயர் சிரித்தார். நல்ல மனிதர். படத்துக்குப் போக வேண்டும் என்று நேராகச் சொல்லியிருந்தால் திட்டியிருக்க மாட்டார். ஆனால் "அடுத்த வாரம் போங்களேம்மா" என்றிருப்பார். அந்தப் பதிலை ஒரே நாளில் ரெண்டு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஆர்மோனியம் இருக்கிற இடம் ஜன்னலோரம். ரெண்டு தெரு தள்ளிக் கொட்டகை. இடைவேளை விட்டால் அங்கே கூம்புக் குழாயில் பாட்டுத் தட்டு வைப்பார்கள், எங்களுக்குக் கேட்கும். பிரசங்கத்தின் நடுவில் அது கேட்டது. மணி பதினொன்று இருபது. பாட்டு நின்றால் படம் மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பதினொன்று முப்பதுக்கு நின்றது. இனி முக்கால் மணி நேரம். கடைசி ஆட்டம் பன்னிரண்டேகாலுக்கு முன்னால் வந்துவிடும்.

பிரசங்கம் முடியும்போது பதினொன்று நாற்பத்தைந்து. பரவாயில்லை என்று நினைத்தேன். ஆனால் படைப்பு வரிசை இருக்கிறதே! சபையார் குடும்பம் குடும்பமாக விளைச்சலைக் கொண்டு வந்து பீடத்தில் வைப்பார்கள். கடைசி ஆள் வைக்கிறவரை பாட்டு நிற்கக்கூடாது, நான் மிதிப்பதும் நிற்கக்கூடாது. காமயகவுண்டன்பட்டித் திராட்சைக் கூடைகள் வந்தன. நெற்கதிர் வந்தது. தேங்காய், வாழைத்தார், காலைக் கட்டிய சேவல்கள். வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

நான் கொஞ்சம் வேகத்தைக் கூட்டினேன். சபையும் கூட்டியது. இன்னும் கொஞ்சம் கூட்டினேன். ஜனங்கள் எட்டி நடை போட்டார்கள். பொன்னுராஜ் நைசாக என் பக்கம் வந்து குனிந்தார்.

"என்ன சாராளு, பொண்ணு அழைப்பு மாதிரிப் போகுது?"

"வரிசை நீளங்க."

"சேவலெல்லாம் மிரளுது. கொஞ்சம் அமத்தி வாசி."

"மணி என்ன?"

"பன்னண்டு அஞ்சு. ஏன்?"

கடைசி ஆளாகப் பிச்சைமணி அண்ணாச்சி உள்ளே வந்தார். தலையில் ஒரு பூசணிக்காய். பூசணி என்றா சொன்னேன்? குழந்தையைத் தொட்டிலோடு தூக்கி வைத்த மாதிரி இருந்தது. அவருக்கு மூட்டுவலி. ஒரு அடி வைப்பார், நிற்பார். சபை "அல்லேலூயா" என்று நீட்டும். இன்னொரு அடி வைப்பார். யாராவது கை கொடுக்கப் போனால் கண்ணாலேயே விரட்டிவிடுவார். தன் கையால் வைக்க வேண்டுமாம். நடுவழியில் நின்று காயைத் தலையிலிருந்து தோளுக்கு மாற்றினார். ஏழாவது தடவையாகப் பல்லவிக்கு வந்தோம்.

மணி பன்னிரண்டு எட்டு.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கதவுக்காக எழுந்து போனேன். இன்றைக்கு ஒரு பூசணிக்காய். என் கால் தானாக நின்றது. ஆர்மோனியம் பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் கொடுத்து அடங்கிப்போனது. சபை திடுக்கிட்டு, அப்புறம் வாயாலேயே இழுத்துப் பாடியது. நான் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டேன். செருப்பு முன்வாசலில் கிடந்தது. போய் எடுத்தால் நாலு பேர் கேட்பார்கள். வெறுங்காலோடு ஓடினேன். முப்பத்தெட்டு வயசு. பண்டிகை வெள்ளைச் சேலை.

கொட்டகை வாசலில், "படம் முடியப் போகுது டீச்சர்" என்றான் டிக்கெட் கிழிக்கிறவன். மதுரைக்காரர் வெளியே போகிறவளைத் தடுத்தார், இவன் உள்ளே வருகிறவளைத் தடுக்கிறான். அவனைத் தாண்டி உள்ளே போனேன்.

"இங்கனடி! இங்கன!" பாண்டியம்மாள் சேலைத் தலைப்பை விரித்து எனக்கு இடம் வைத்திருந்தாள். காலடியெல்லாம் கடலைத் தொலி.

"ஆடிட்டாளா?"

"மொதல்ல நாலு தரம் ஆடுனா. இன்னும் ஆடுவா போல. அவன் கட்டிக்கிடுவேங்கிறான், இவ ஆடத்தான் போவேங்கிறா. எல்லா ஊருலயும் இதே ரோதனைதான்."

"காலு எப்படிப் போடுறா? முன்னாலயா, குதிகாலா?"

"காலா? காலை எங்க காட்டுனாக?"

"என்ன சொல்ற?"

"நீயே பாரு."

படத்துக்குள் ஒரு திரை விலகியது. மரப்பலகை மேடை. அவள் வந்தாள். அதே முகம். பதினெட்டு வருஷத்தில் எனக்கு ஏறிய சதை ஒன்றும் அவளுக்கு ஏறவில்லை. முகம் தெரிந்தது. கை தெரிந்தது. இடுப்பு தெரிந்தது. முழங்கால் தெரிந்தது. அதற்குக் கீழே திரையின் கறுப்பு ஓரம்.

எனக்குப் புரியவில்லை. எம்பிப் பார்த்தேன், முன்னால் உட்கார்ந்தவர்கள் தலை மறைக்கிறதோ என்று. இல்லை. படமே அங்கேதான் முடிந்தது. சத்தம் மட்டும் அந்தக் கறுப்புக்குள்ளிருந்து வந்தது. பக்கத்து வீட்டில் சண்டை நடக்கிறது, சுவரில் காதை வைத்துக் கேட்கிறோம், அந்த மாதிரி.

"வர்றியா?" என்றது சுவருக்கு அந்தப் பக்கம்.

"வரல, வரல" என்றது இன்னொன்று.

எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. "ஆப்பரேட்டர்!" என்று என் குரல் கேட்டது. "படத்தை ஏத்துய்யா! காலைக் காட்டு! காலைக் காட்டு!"

கொட்டகைத் தலையெல்லாம் என் பக்கம் திரும்பியது. அப்புறம் ஒரு விசில் வந்தது பாருங்கள்.

"அம்மா கேக்குதுல்ல? காலைக் காட்டுய்யா!"

"யார்ரா அது, பொம்பளைக் குரலு?"

"சாக்குக்கடை டீச்சரம்மா டோய்! கோயில்ல பொட்டி வாசிப்பாகளே, அவுக!"

"அவுகளே கேக்குறாக, காட்டுய்யா!"

"உக்காருடி, மானம் போகுது" என்று பாண்டியம்மாள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை.

படம் நடுங்கியது. மெதுவாக மேலே ஏறியது. முழங்கால், கெண்டைக்கால், கணுக்கால்… பூட்ஸ்! கறுப்புப் பூட்ஸ், பளபளவென்று. முன்பாதம் கீழே வந்து தொட்டது, தொட்டதும்—

"தலை போச்சு!" என்றது முன்னால் இருந்த பெஞ்சு டிக்கெட்டு. "முண்டமா ஆடுது! மூஞ்சியைக் காட்டுய்யா!"

படம் இறங்கியது. முகம்.

"காலு!" என்றேன் நான்.

"மூஞ்சி!" என்றது பெஞ்சு.

ஏறியது. ஒரு குதிகால், பலகையை விட்டு எழும்பி நின்றது. இறங்கியது. முகம். ஏறியது. இப்போது ரெண்டு காலும் ஒன்றாக இருந்தன, எது எதைத் தட்டியது என்று பார்ப்பதற்குள் இறங்கியது. மேலே இருந்த ஆப்பரேட்டருக்கே அலுத்துவிட்டது போல. முகத்தில் வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

அப்போதுதான் பாட்டு நின்றது. மேளம் நின்றது, பீப்பி நின்றது. மதுரைக்காரர் சொன்னது பொய்யில்லை. கால் மட்டும் தனியாகப் பேசியது. அத்தனை நேரம் ஊளையிட்ட பெஞ்சுகூடக் கொஞ்சம் அடங்கிக் கேட்டது. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே ஒருத்தி இந்தப் பாடு படுகிறாள் என்பதற்கு அந்த முகத்தில் ஒரு அடையாளம் கிடையாது. வேர்வைகூட இல்லை. கண்ணாவது காலைப் பார்க்கிறதா? அதுவும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவளையே ரெண்டு கேட்டிருப்பேன்.

வெளிச்சம் போட்டார்கள். ஜனங்கள் போகிற போக்கில் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் நேராக ஆப்பரேட்டர் அறைப் படிக்கட்டில் ஏறினேன். பாண்டியம்மாள் பின்னாலேயே, "சண்டை போடாதடி, சண்டை போடாதடி" என்று வந்தாள்.

ஆப்பரேட்டர் பெயர் கர்ணன். கையால் சுற்றி ரீலைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"ஏன்ப்பா காலை வெட்டுன?"

"நான் எங்க டீச்சர் வெட்டுனேன்? மிஷினுக்குள்ள வெளிச்சம் போற ஓட்டைக்கு ஒரு தகடு உண்டு. இப்ப வர்ற அகலப் படத்துக்குத் தக்கன தகடு மாத்தியாச்சு. இது பழைய படம், சதுரம். மேலயோ கீழயோ வெட்டத்தான் செய்யும். தலையை வெட்டுனா சேரை ஒடைப்பாக. காலை வெட்டுனா யாரு கேக்கப் போறான்னு…"

"பழைய தகடு இல்லையா?"

"இருக்கு, ஏதாவது டிராயர்ல கெடக்கும். காலம்பறயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தாத் தேடிப் போட்டிருப்பேன்ல? பதினஞ்சு வருசமா ஓட்டுறேன், காலைக் கேட்ட மொத ஆளு நீங்கதான்."

ஒரு வார்த்தை. சனிக்கிழமை நான் பேசாத ஆளில்லை. பொன்னுராஜிடம் பேசினேன், பாண்டியம்மாளிடம் பேசினேன், ஐயரிடம் பேசினேன். இவனிடம் போக எனக்குத் தோன்றவே இல்லை.

"தகட்டை இப்பப் போட்டு, கடைசி ரீலை மட்டும் இன்னொருக்க ஓட்டுப்பா."

"மேட்டினிப் படப்பொட்டி வந்து நிக்குது டீச்சர். மொதலாளி கொன்னு போடுவாரு." என் முகத்தைப் பார்த்தவன் சுற்றுவதை நிறுத்தினான். "இந்தாங்க, கையில பிடிச்சுப் பாருங்க. ஓரத்தை மட்டும் தொடுங்க."

ரீலிலிருந்து ஒரு முழம் பிலிமை இழுத்துக் கதவு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். சின்னச் சின்னக் கட்டம். ஒவ்வொன்றிலும் அவள், தலையிலிருந்து பூட்ஸ் வரைக்கும் முழுசாக இருந்தாள். ஒரு கட்டத்தில் முன்பாதம் தரையில், அடுத்ததிலும் தரையில், அடுத்ததிலும் தரையில். எட்டுக் கட்டம் தள்ளிப் பார்த்தேன், குதிகால் இறங்கியிருந்தது. எந்தக் கட்டத்திலும் கால் அசையவில்லை. எதிலும் சத்தம் இல்லை.

"தெரியுதா டீச்சர்?"

"தெரியுது" என்றேன். அழுகை வந்தது. அதையும் அடக்கிக்கொண்டேன்.

"அம்புட்டு ஆசைன்னா அடுத்த ஞாயிறு கம்பத்துக்குப் போங்க. பொட்டி அங்கனதான் போகுது. அந்தக் கொட்டகையில இன்னும் பழைய சதுரத் தகடுதான். தலையும் தெரியும், காலும் தெரியும்."

"காலைக் காட்சியா?"

"இங்கிலீஷ் படம் வேற எப்பப் போடுவாக?"

திரும்பும் வழியில் பாண்டியம்மாள் சொன்னாள்: "சனி கம்பத்துக்கு எடம் மாறுது போல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனசுக்குள் வேறு ஒரு யோசனை ஓடியது. எங்கள் சபையில் ஒழுங்கு நடவடிக்கை என்று ஒன்று உண்டு. போன வருஷம் சுந்தர்ராஜ் சீட்டாடினார் என்று மூன்று மாசம் பாடக்கூடாது என நிறுத்தி வைத்தார்கள். நான் செய்தது அதைவிடப் பெரிசு. மூன்று மாசம் வேண்டாம், ஒரே ஒரு ஞாயிறு நிறுத்தி வைத்தால் போதும். நானாக ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடலாம்.

கோயில் வளாகத்தில் படைத்த பொருள்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். கூறுவது பொன்னுராஜ். மேஜை மேல் பிச்சைமணி அண்ணாச்சியின் பூசணி. என்னைக் கண்டதும் கூட்டம் வழிவிட்ட விதத்திலேயே தெரிந்துபோனது, சேதி எனக்கு முன்னால் ஓடி வந்துவிட்டது என்று. ஐயர் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். நேராகப் போனேன்.

"ஐயா, நான் ஆராதனைக்கு நடுவுல எந்திரிச்சுப் போயிட்டேன்."

"தெரியும்மா."

"சினிமாவுக்கு."

"அதுவும் கேள்விப்பட்டேன்."

"அங்கன நின்னு, காலைக் காட்டுன்னு கத்துனேன்."

ஐயர் இருமினார். பொன்னுராஜ் பூசணியைப் பார்த்தார்.

"பல தடவை கத்துனேங்கய்யா."

"சரிம்மா, சரி. விடுங்க."

"எப்படி விடுறது? சுந்தர்ராஜை மூணு மாசம் நிறுத்துனீகளே?"

"அவர் போனாப் பாடுறதுக்கு ஏழு பேர் இருக்காக. நீங்க போனா வாசிக்க யாரு இருக்கா? அடுத்த ஞாயிறு திருவிருந்து ஆராதனை வேற." ஐயர் என் தலைக்கு மேலே கையைத் தூக்கினார். "மனுசருக்குத் தவறுறது சகஜம். மன்னிச்சாச்சும்மா."

"ஐயாவுக்குப் பெரிய மனசு" என்றார் பொன்னுராஜ். அவருக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. பூசணியில் கையை வைத்து, "ஒருதரம்!" என்று சந்தோஷமாகக் கத்தினார்.

மன்னித்துவிட்டார்கள். ஆர்மோனியத்தை மறுபடியும் என் காலுக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். கூட்டத்தில் ரெண்டொரு பொம்பளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் குனிந்து "நன்றிங்கய்யா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போயிருக்க வேண்டும். அதுதான் எனக்கு எழுதி வைத்த பேச்சு.

"ரெண்டுதரம்!"

"ஐயா" என்றேன். "நான் மன்னிப்புக் கேக்கலையே."

ஐயர் கை மேலேயே நின்றது.

"என்னம்மா?"

"நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேக்கல. அடுத்த ஞாயிறு நான் வரமாட்டேன். கம்பத்துக்குப் போறேன்."

"கம்பத்துல என்ன?"

"அங்கன சதுரத் தகடு."

யாருக்கும் விளங்கவில்லை. பாண்டியம்மாள் மட்டும் கேட்டுக்கு வெளியே நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயர் பொன்னுராஜைப் பார்த்தார். பொன்னுராஜ் என்னைப் பார்த்தார், அப்புறம் என் வெறுங்காலைப் பார்த்தார். கொட்டகைப் புழுதி கணுக்கால் வரைக்கும் ஏறியிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என் காலைப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

"அண்ணாச்சி, பூசணி நிக்குது. கடைசித் தரம் சொல்லுங்க" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"ஆராதனைக்கு யாரு வாசிக்கிறது சாராளு?" என்றார் பொன்னுராஜ், என்னிடம் மட்டும், மெல்ல.

"வாய் இருக்குல்லங்க. இன்னைக்கு வாயாலதானே முடிச்சீக?"

அவர் மேஜைப் பக்கம் திரும்பினார். பூசணியை ஒருதரம் தட்டிப் பார்த்தார், சாக்கைத் தடவிப் பார்க்கிற மாதிரி.

"மூணுதரம்" என்றார்.